வால்மீன் எவ்வளவு பிரகாசம்? கண்ணால் அளந்து, எண்ணாக்கி, ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நட்சத்திரத்தின் பிரகாசத்தைக் கண்ணால் மதிப்பிடுவது அவ்வளவு கடினமில்லை. பக்கத்தில் பிரகாசம் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டு, இது அதைவிட மங்கல், இதைவிடப் பளிச் என்று சொல்லிவிடலாம். எல்லாமே புள்ளிகள் என்பதால் கண்ணுக்குக் குழப்பம் வராது.

வால்மீன் விஷயத்தில் இது நடக்காது. தரையில் கொட்டிப் பரவிய தண்ணீரையும் டம்ளரில் நிற்கும் தண்ணீரையும் காட்டி எது அதிகம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வால்மீனின் ஒளி தரையில் கொட்டிய தண்ணீர். நட்சத்திரத்தின் ஒளி டம்ளருக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட ஒரே வழி, டம்ளர் தண்ணீரையும் அதே அகலத்துக்குக் கொட்டிப் பார்ப்பதுதான். தொலைநோக்கியின் ஃபோகஸைக் கலைத்தால் நட்சத்திரம் விரிந்து ஒரு வட்டமாகும். வால்மீன் பிரகாசத்தைக் கண்ணால் அளக்கும் முறைகள் எல்லாம் இந்த ஒரு தந்திரத்தின் வகைகள்தான்.

முதலில், எந்த எண்ணைத் தேடுகிறோம்?

மாக்னிட்யூட், தமிழில் பொலிவெண். எண் கூடினால் மங்கல், குறைந்தால் பிரகாசம். 5 பொலிவெண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு ஒளி வித்தியாசம். ஒரு பொலிவெண் சுமார் 2.5 மடங்கு.

வால்மீனுக்கு இரண்டு பொலிவெண்கள் சொல்வார்கள். ஒன்று மொத்தப் பொலிவெண்: வால்மீனின் நடுவில் இருக்கும் பனிக்கட்டி உட்கருவைச் சுற்றிப் பரவியிருக்கும் வாயு, தூசிப் புகையான கோமா முழுவதன் ஒளியும் சேர்ந்தது. மற்றொன்று உட்கருப் பொலிவெண்: நடுவில் தெரியும் புள்ளியை மட்டும் அளப்பது. இரண்டாவது முதலாவதைவிடப் பல பொலிவெண்கள் மங்கலாக இருக்கலாம். ஒரே வால்மீனுக்கு ஒரு இடத்தில் 9 என்றும் இன்னொரு இடத்தில் 14 என்றும் போட்டிருந்தால், பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான் காரணம். நாம் அளக்கப்போவது மொத்தப் பொலிவெண். வால் கணக்கில் வராது, கோமா மட்டும்.

கருவி: சிறியதே நல்லது

வழக்கத்துக்கு மாறான அறிவுரைதான். வால்மீன் சுலபமாகத் தெரிகிற மிகச் சிறிய கருவியைப் பயன்படுத்துங்கள். வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் வெறும் கண். இல்லையென்றால் பைனாகுலர். அதிலும் தெரியாவிட்டால் மட்டும் தொலைநோக்கி.

வில்லையோ கண்ணாடியோ பெரிதாகப் பெரிதாக, உருப்பெருக்கம் கூடக்கூட, கோமாவின் ஓரங்கள் வான வெளிச்சத்தில் கரைந்து நடுப்பகுதி மட்டும் கண்ணில் நிற்கும். ஓரத்து ஒளி கணக்கில் விழாததால் மதிப்பீடு மங்கலாகிவிடும். சார்லஸ் மாரிஸ் என்ற அமெரிக்க நோக்கர் பழைய பதிவுகளை அலசி இதற்கு ஒரு திருத்தம் கண்டார்: 6.78 செ.மீ. திறப்பை அடிப்படையாக வைத்து, கூடுகிற ஒவ்வொரு செ.மீ.க்கும் ஆடித் தொலைநோக்கியில் 0.019, வில்லைத் தொலைநோக்கியில் 0.066 பொலிவெண். 20 செ.மீ. ஆடித் தொலைநோக்கி என்றால் கால் பொலிவெண் மங்கலாகத் தெரியும். இந்தத் திருத்தத்தை நீங்களே செய்துவிட்டுப் பதிவு செய்யாதீர்கள். கண்டதை எழுதி, கருவியின் அளவைச் சொல்லுங்கள். ஆராய்கிறவர் தேவைப்பட்டால் திருத்திக்கொள்வார்.

10x50 பைனாகுலர் ஒன்றும் அதைப் பொருத்த ஒரு முக்காலியும் இருந்தால் பாதிக் கருவிப் பிரச்சினை தீர்ந்தது. கையில் பிடித்துப் பார்த்தால் அரை பொலிவெண் வரை உங்கள் நடுக்கமே தின்றுவிடும்.

வெளியே போகும் முன்: ஒப்பீட்டு நட்சத்திரங்கள்

இந்த வேலையைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். வால்மீன் அன்று இருக்கும் இடத்தைச் சுற்றி, முடிந்தால் ஒரே பைனாகுலர் காட்சிக்குள், இல்லாவிட்டால் சில பாகைகளுக்குள், நான்கைந்து நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்து வரைபடத்தில் குறியுங்கள். அரை பொலிவெண் இடைவெளியில் ஏணிப்படி போல இருந்தால் வசதி.

எந்த நட்சத்திரம் என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும் வால்மீன் என்றால் கை உடனே தெரிந்த நட்சத்திரத்துக்குப் போகும். திருவாதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது செந்நிறம், அதோடு பிரகாசம் மாறிக்கொண்டே இருக்கும். 2019 கடைசியில் மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் சுமார் 1.6-க்கு இறங்கியது. வழக்கமாக அது 0.5-ஐ ஒட்டி இருக்கும். திருவாதிரையை நம்பி அந்த வாரம் யாராவது வால்மீன் அளந்திருந்தால் ஒரு பொலிவெண் பிழை அப்படியே ஒட்டியிருக்கும். கேட்டையும் அதே கதை, சிவப்பும் மாற்றமும் சேர்ந்தது. ரோகிணி ஆரஞ்சு நிறம். மகம் வெண்ணீலம், அது நல்ல தேர்வு.

நிறத்துக்கு ஏன் இவ்வளவு கவலை? இருட்டில் வேலை செய்யும் கண் செல்கள் நீலப்பச்சை ஒளிக்குத்தான் அதிகம் துள்ளும். சிவப்பு அவற்றுக்கு அரைகுறையாகவே தெரியும். வால்மீனின் வாயுவிலோ கார்பன் மூலக்கூறு 510 நானோமீட்டரை ஒட்டிய பச்சையில் பலமாக ஒளிரும். பச்சைப் பொருளைச் சிவப்பு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் கண் ஏமாறும். அதிலும் ஒரு சிவப்பு நட்சத்திரத்தையே நெடுநேரம் முறைத்துப் பார்த்தால் அது மேலும் மேலும் பிரகாசமாகத் தோன்றும். தவிர்த்துவிடுங்கள்.

பொலிவெண் எங்கிருந்து எடுப்பது? மாறும் நட்சத்திரங்களை அளப்பவர்களுக்காக ஏஏவிஎஸ்ஓ அமைப்பு தரும் வரைபடங்களில் காட்சிப் பொலிவெண்கள் (கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அளந்தவை) நம்பகமானவை. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் தரவிலிருந்து வந்த டைக்கோ-2 அட்டவணையும் பைனாகுலர் எல்லைக்குள் நன்றாகவே உழைக்கும். ஆனால் டைக்கோவின் காட்சிப் பட்டை, அதாவது அளக்க எடுத்துக்கொண்ட அலைநீள எல்லை, வழக்கமான காட்சிப் பட்டையிலிருந்து சற்று மாறுபட்டது. டைக்கோவின் நீலப் பொலிவெண்ணிலிருந்து அதன் காட்சிப் பொலிவெண்ணைக் கழித்து, வருவதை 0.09-ஆல் பெருக்கி, காட்சிப் பொலிவெண்ணிலிருந்து கழித்தால் சரியான எண் கிடைக்கும். வெள்ளை நட்சத்திரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, சிவப்பில் 0.1-ஐத் தாண்டும். தொலைநோக்கியைத் திருப்பி நிறுத்துவதற்காகத் தொகுத்த பழைய வழிகாட்டி நட்சத்திர அட்டவணைகள் இந்த வேலைக்கு ஆகாது.

இன்னொன்று. கணித்த பொலிவெண்ணைப் பார்க்காதீர்கள். ஸ்டெல்லேரியம் போன்ற செயலியில் வால்மீனைத் தட்டினால் ஒரு எண் வரும். அது கணிப்பு, யாரும் அளந்தது இல்லை. அதைப் பார்த்துவிட்டால் உங்கள் கண் அதைச் சுற்றியே சுழலும். என் முதல் வருடப் பதிவுகளை வெகுநாள் கழித்து வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு வால்மீனுக்கு என் புள்ளிகள் எல்லாம் கணிப்புக் கோட்டின் மேல் மணி கோத்த மாதிரி உட்கார்ந்திருந்தன. மற்ற நோக்கர்களின் புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரு பொலிவெண் கீழே. அந்த இரவுகளில் நான் வானத்தைப் பார்த்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை இப்போதும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். இடம் தெரிந்துகொள்ள வரைபடம் அச்சிடும்போது பொலிவெண் வரும் ஓரத்தை மடித்துவிடுவது என் வழக்கம்.

களத்தில் முதல் அரை மணி

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். மங்கிய சிவப்பு விளக்கு மட்டும். போன் திரையை ஒரு முறை பார்த்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நிலவு இல்லாத இரவு நல்லது. நிலவொளியும் ஊர் வெளிச்சமும் கோமாவின் ஓரத்தைத்தான் முதலில் விழுங்கும்.

கண் பழகிய பின் வால்மீனை நேராக முறைக்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். ஓரப்பார்வையில் கோமா இன்னும் விரிவதைக் காண்பீர்கள். பொலிவெண்ணுக்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் குறித்துவிடுங்கள், பின்னால் முறையைத் தேர்ந்தெடுக்க இவைதான் உதவும்.

ஒன்று, செறிவு எண். 0 முதல் 9 வரை. நடுவில் எந்தத் திரட்சியும் இல்லாமல் ஒரே சீராக மங்கிய புகை என்றால் 0. நடுவை நோக்கி மெல்ல மெல்லப் பிரகாசம் கூடினால் 3, 4. நடுவில் தெளிவான திரட்சி இருந்தால் 6, 7. நட்சத்திரம் போலவோ சிறிய தட்டு போலவோ இறுகியிருந்தால் 9.

இரண்டு, கோமாவின் விட்டம், கோண நிமிடத்தில். காட்சிக்குள் இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையிலான தூரத்தோடு ஒப்பிடுவது எளிய வழி. வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடைவெளி சுமார் 12 கோண நிமிடம். இந்த ஒரு அளவு மனதில் பதிந்தால் பைனாகுலரில் மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல் கிடைத்த மாதிரி. தொலைநோக்கி என்றால் ஓட்டும் மோட்டாரை நிறுத்திவிட்டு, குறுக்குக் கம்பியைக் கோமா கடக்க எத்தனை விநாடி என்று பாருங்கள். விநாடியைக் கால் பங்காக்கி, வால்மீனின் நடுவரை விலக்கத்தின் (வான நடுவரையிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ அது விலகியிருக்கும் கோணம்) கொசைனால் பெருக்க வேண்டும். 30 பாகை விலக்கத்தில் 24 விநாடி ஆனால் 24 × 0.25 × 0.866, அதாவது 5.2 கோண நிமிடம்.

ஃபோகஸைக் கலைக்கும் மூன்று முறைகள்

பரந்து, திரட்சியில்லாத வால்மீனுக்கு (செறிவு 0 முதல் 3 வரை) சிட்விக் முறை. உள்–வெளி முறை என்றும் சொல்வார்கள். வால்மீனைச் சரியான ஃபோகஸில் வைத்துப் பாருங்கள். அதன் முழுப் பரப்பின் சராசரிப் பிரகாசத்தை மனதில் வாங்குங்கள். அப்புறம் ஒப்பீட்டு நட்சத்திரத்துக்கு நகர்ந்து, அது வால்மீனின் அகலத்துக்கு விரியும்வரை ஃபோகஸைக் கலையுங்கள். விரிந்த வட்டத்தின் பரப்பு, மனதில் இருக்கும் வால்மீனைவிடப் பிரகாசமா, மங்கலா?

கேட்க எளிது. செய்யும்போது முதல் முறை என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வால்மீனைப் பத்து விநாடி பார்ப்பீர்கள். ஃபோகஸ் திருகைத் திருப்பத் தொடங்கியதும் நட்சத்திரம் ஊசிமுனையிலிருந்து கடுகாகி, கடுகிலிருந்து பட்டாணியாகி விரியும். பிரகாசம் சரசரவென்று சரியும். "அகலம் இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சமா?" என்று யோசிக்கும் நொடியில் வால்மீனின் பிரகாசம் நினைவிலிருந்து நழுவியிருக்கும். திரும்பவும் வால்மீன், திரும்பவும் நட்சத்திரம். நாலைந்து முறை போய் வந்தபிறகுதான் கை பழகும். மேற்பரப்புப் பிரகாசத்தின் நினைவு சில விநாடிகளுக்கு மேல் தங்காது. அதனால்தான் ஒப்பீட்டு நட்சத்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அவ்வளவு சொன்னது. திருகு எவ்வளவு திரும்பினால் தேவையான அகலம் வருகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் கண் பிரகாசத்தை மட்டும் கவனித்தால் போதும்.

இறுகிய, நட்சத்திரம் போன்ற வால்மீனுக்கு (செறிவு 7 முதல் 9 வரை) பாப்ரவ்னிகாஃப் முறை, அதாவது வெளி–வெளி. வால்மீனையும் நட்சத்திரத்தையும் சேர்ந்தே ஃபோகஸ் கலைத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் இடத்தில் ஒப்பிட வேண்டும். நினைவுச் சுமை இல்லை, சுலபமானது. பரந்த வால்மீனில் இதைப் பயன்படுத்தினால் மட்டும் வம்பு. ஏற்கெனவே விரிந்திருக்கும் கோமா, கலைத்தபிறகு மேலும் விரிந்து நட்சத்திர வட்டத்தைவிடப் பெரிதாகவே இருக்கும், மதிப்பீடு மங்கலாக வரும்.

நடுவில் இருப்பவற்றுக்கு மாரிஸ் முறை. மேலே சொன்ன அதே மாரிஸ். நடுத் திரட்சி கரைந்து கோமா சமப் பிரகாசமாகும் அளவுக்கு மட்டும் வால்மீனைக் கலையுங்கள். அந்தப் படத்தின் அளவையும் பிரகாசத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, நட்சத்திரத்தை அதைவிடக் கூடுதலாகக் கலைத்து அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான வால்மீன்களுக்கு எனக்கு இதுதான் ஒத்துவருகிறது. சராசரிப் பிரகாசம் என்று மனக்கணக்குப் போடும் தொல்லையை இது பாதியாகக் குறைக்கிறது.

பேயர் முறை என்று நாலாவதாக ஒன்று உண்டு. வானப் பின்னணியில் கரைந்து மறையும்வரை இரண்டையும் கலைத்து, எது முன்னால் மறைகிறது என்று பார்ப்பது. வான வெளிச்சம் சற்று மாறினாலும் விடை மாறும் என்பதால் இப்போது இதைப் பெரும்பாலும் யாரும் பரிந்துரைப்பதில்லை.

ஆடித் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஃபோகஸ் கலைந்த நட்சத்திரம் அதில் நடுவில் ஓட்டை விழுந்த மெதுவடை மாதிரி தெரியும். இரண்டாம் ஆடியின் நிழல் அது. வடையையும் பஞ்சையும் ஒப்பிடுவது சிரமம். பைனாகுலரிலும் வில்லைத் தொலைநோக்கியிலும் இந்தத் தொல்லை இல்லை.

வெறும் கண் வால்மீனுக்கு ஃபோகஸை எப்படிக் கலைப்பது? கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இங்கே அதிர்ஷ்டம். கண்ணாடியைக் கழற்றினால் போதும், நட்சத்திரங்கள் தானாக விரிந்துவிடும். வெள்ளி, வியாழன் அளவுக்குப் பிரகாசமான வால்மீன் வந்தால் கோள்களையே ஒப்பீட்டுக்கு எடுக்கலாம். ஆனால் கோளின் பொலிவெண் நாளுக்கு நாள் மாறும், அன்றைய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணாக்குவது

வால்மீனைவிடச் சற்றுப் பிரகாசமான ஒரு நட்சத்திரம், சற்று மங்கலான ஒன்று என்று இரண்டுக்கும் நடுவே வால்மீனை வையுங்கள். முதல் நட்சத்திரம் 7.2, இரண்டாவது 8.0. முதலாவதிலிருந்து வால்மீன் மூன்று பங்கு தள்ளி, இரண்டாவதிலிருந்து ஒரு பங்கு தள்ளி இருப்பதாகத் தோன்றுகிறது. இடைவெளி 0.8, அதில் நாலில் மூன்று பங்கு 0.6. ஆகவே 7.8.

ஒரு ஜோடியோடு நிறுத்தாதீர்கள். வேறு இரண்டு நட்சத்திரங்களை வைத்து இன்னொரு முறை. 7.8, 7.6, 7.9 என்று வந்தால் சராசரி 7.8. மூன்றும் அரை பொலிவெண்ணுக்கு மேல் சிதறினால் எங்கோ ஒரு நட்சத்திரம் தவறு, அல்லது உங்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது. பிரகாசமான பக்கத்தில் மட்டும் நட்சத்திரம் கிடைத்து, மங்கலான பக்கத்தில் கிடைக்கவில்லை என்றால் ஊகித்து நீட்டாமல் வேறு நட்சத்திரம் தேடுங்கள்.

அடிவானத்தை ஒட்டிய வால்மீன்

சூரியனுக்கு அருகில் போகும்போதுதான் வால்மீன்கள் பிரகாசிக்கும். அதே சமயம் அடிவானத்துக்கு ஒட்டியும் இருக்கும். அங்கே ஒளி நிறையக் காற்றைக் கடந்து வர வேண்டும். உச்சிவானத்தில் கடக்கும் காற்றை ஒரு மடங்கு என்று வைத்தால், 30 பாகை உயரத்தில் 2 மடங்கு, 10 பாகையில் ஏறக்குறைய 5.6 மடங்கு. கடல்மட்டத்தில் தெளிந்த இரவில் ஒரு மடங்குக் காற்று 0.28 பொலிவெண் தின்னும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 10 பாகையில் இருக்கும் வால்மீன் 1.6 பொலிவெண் இழக்கும். 40 பாகையில் இருக்கும் நட்சத்திரமோ 0.4 மட்டுமே இழக்கும். இந்த இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் விடையில் 1.1-க்கு மேல் பிழை.

சிறந்த மருந்து, வால்மீனின் அதே உயரத்தில் இருக்கும் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது. முடியவில்லை என்றால் இரண்டின் உயரத்தையும் குறித்து, மேலே செய்த மாதிரி கழித்துக்கொள்ளுங்கள், திருத்தம் செய்ததாகப் பதிவில் சொல்லுங்கள். புகையும் மூட்டமும் உள்ள இரவில் 0.28 என்பது 0.5-ஐயும் தாண்டும். அந்த மாதிரி இரவில் 20 பாகைக்குக் கீழே எந்தத் திருத்தத்தையும் நான் நம்புவதில்லை.

பதிவேட்டின் ஒரு வரி

தேதியை உலக நேரத்தில் (கிரீன்விச் நேரம்), தசமத்தில் எழுதுவது வழக்கம். உலக நேரம் 14:10 என்றால் நாளில் 0.59 பங்கு. ஒரு முழு வரி இப்படி இருக்கும்:

அக்டோபர் 15.59; மாரிஸ் முறை; 7.8, ஒப்பீடு டைக்கோ-2, 5 செ.மீ. பைனாகுலர், 10 மடங்கு, கோமா 8 கோண நிமிடம், செறிவு 4, வால் இல்லை, உயரம் 42 பாகை, லேசான ஊர் வெளிச்சம்.

தேடியும் தெரியவில்லையா? அதுவும் பதிவுதான். அதே இடத்தில் தெரிந்த மிக மங்கலான நட்சத்திரத்தை வால்மீனின் எதிர்பார்த்த அகலத்துக்குக் கலைத்துப் பார்த்து, "இந்தப் பொலிவெண்ணைவிட மங்கல்" என்று எழுதுங்கள். 2013-இல் ஐசான் சூரியனை நெருங்கிச் சிதைந்தபோதும் 2020-இல் அட்லஸ் வால்மீன் துண்டானபோதும் பெரிய எதிர்பார்ப்புகள் பொய்த்தன. வால்மீன் எப்போது அணையத் தொடங்கியது என்று தேடுகிறவருக்கு "தெரியவில்லை" என்கிற வரியும் தேவைப்படும்.

பல ஆண்டுகளாக இன்டர்நேஷனல் காமெட் குவார்ட்டர்லி என்ற வால்மீன் இதழ் இந்தப் பதிவுகளுக்கு ஒரு வடிவத்தை நிலைநிறுத்தியது. இப்போது ஸ்லோவேனியாவில் இருக்கும் ஒரு வானாய்வகம் நடத்தும் கோப்ஸ் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிப் பதிவிடலாம்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன், இது தனியாக எழுத வேண்டிய விஷயம். ரா கோப்பில் எடுங்கள், பச்சை அலைவரிசையை மட்டும் பிரித்தெடுங்கள், அது காட்சிப் பட்டைக்கு ஓரளவு நெருக்கம். ஒப்பீட்டு நட்சத்திரங்கள் வெளுத்துப் போகாத அளவுக்குச் சிறிய எக்ஸ்போஷர்களாக எடுத்து அடுக்குங்கள். நட்சத்திரங்களை வைத்து ஒரு அடுக்கு, வால்மீனின் நகர்வை வைத்து ஒரு அடுக்கு. அளக்கும் வட்டம் கோமா முழுவதையும் அடக்க வேண்டும். வட்டத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கி, அளவு கூடாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சிறுகோள் அளப்பதற்கான சிறிய வட்டத்தை வைத்துவிட்டு மொத்தப் பொலிவெண் என்று எழுதுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

ஒப்பிடுவது: ஒரு எண் எப்போது செய்தியாகிறது?

உங்கள் 7.8-ஐ இன்னொருவரின் 7.5-ஓடு வைத்தால் வால்மீன் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. பழகிய இரு நோக்கர்களுக்கு இடையே 0.2, 0.3 வித்தியாசம் சாதாரணம். கண், கருவி, முறை, வானம் எல்லாம் சேர்ந்த வித்தியாசம் அது. ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே முறையில் தொடர்ந்து வைக்கும் பதிவு ஏன் மதிப்புள்ளது என்றால், உங்கள் சொந்தச் சாய்வு எல்லா இரவுகளிலும் ஒரே மாதிரி இருக்கும். எப்போதும் 0.2 மங்கலாகச் சொல்கிறவர் என்று தெரிந்துவிட்டால் அதை நீக்கிவிடலாம். ஒரு நாள் சிட்விக், மறுநாள் பாப்ரவ்னிகாஃப் என்று தாவுகிறவரின் சாய்வை யாராலும் நீக்க முடியாது. வால்மீனின் செறிவு மாறியதால் முறையை மாற்ற வேண்டி வந்தால், ஓரிரு இரவுகள் இரண்டு முறைகளிலும் அளந்து இரண்டையும் எழுதிவையுங்கள்.

அடுத்தது தொலைவு. நம் கண்ணுக்குத் தெரிவதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: வால்மீன் உண்மையில் எவ்வளவு ஒளிர்கிறது, நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது. இரண்டாவதைக் கழற்றி எறிந்தால்தான் முதலாவது தெரியும். நாசாவின் ஹொரைசன்ஸ் சேவையில் வால்மீனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவை வானியல் அலகில் (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தொலைவு ஓர் அலகு) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லாக் (அடி 10) மதிப்பை 5-ஆல் பெருக்கி, நீங்கள் அளந்த பொலிவெண்ணிலிருந்து கழியுங்கள். வருவது, வால்மீன் எப்போதும் நம்மிடமிருந்து ஒரே ஒரு வானியல் அலகில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும் பொலிவெண்.

ஒரு வால்மீன் முதல் மாதம் ஒரு வானியல் அலகு தொலைவில் 7.0, மறுமாதம் அரை அலகு தொலைவில் மீண்டும் 7.0 என்று வைத்துக்கொள்வோம். பைனாகுலரில் மாற்றமே இல்லை. கணக்குப் போட்டால் முதலாவது 7.0, இரண்டாவது 8.5. அருகில் வந்தும் பிரகாசிக்கவில்லை என்றால் உள்ளுக்குள் நாலு மடங்கு மங்கிவிட்டது என்று அர்த்தம்.

இப்படித் திருத்திய எண்களை சூரியனிலிருந்து வால்மீன் இருக்கும் தொலைவின் லாக்குக்கு எதிரே வரைபடத்தில் போடுங்கள். புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழுந்தால், அந்தக் கோட்டின் சாய்வு வால்மீனின் குணத்தைச் சொல்லும். சாய்வு 5 என்றால் வெறுமனே சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் செத்த கல் மாதிரி நடந்துகொள்கிறது. கணிப்புகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சாய்வு 10. அதன்படி சூரியனிடமிருந்து 2 அலகிலிருந்து 1 அலகுக்கு வரும்போது வால்மீன் 3 பொலிவெண், அதாவது 16 மடங்கு பிரகாசமாகும். பனி ஆவியாகித் தூசியையும் வாயுவையும் கொட்டுவதன் விளைவு. ஏமாற்றிய வால்மீன்களில் பல, தொலைவில் இருந்தபோது காட்டிய வேகமான ஏற்றத்தை அப்படியே நீட்டிக் கணித்ததால் ஏமாற்றியவை. 1973-இல் கொஹூடெக் அப்படித்தான் பெரிய பேச்சாகிப் பின்னர் பலரைச் சலிக்கவைத்தது.

கோட்டிலிருந்து விலகும் புள்ளிகள்தான் சுவாரசியம். 2007 அக்டோபர் கடைசி வாரத்தில் 17பி/ஹோம்ஸ் வால்மீன், சுமார் 17-ஆம் பொலிவெண்ணிலிருந்து இரண்டு நாளுக்குள் 3-ஐத் தொட்டது. ஏறக்குறைய 5 லட்சம் மடங்கு. சூரியனைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த வால்மீன் அது, எந்தச் சூத்திரத்திலும் அடங்காது. 12பி/போன்ஸ்–புரூக்ஸ் 2023 ஜூலையில் தொடங்கிப் பலமுறை இப்படி வெடித்துப் பொங்கியது. உங்கள் பதிவில் ஒரே இரவில் ஒரு பொலிவெண் ஏற்றம் வந்தால் முதலில் உங்கள் ஒப்பீட்டு நட்சத்திரங்களைச் சந்தேகியுங்கள், அடுத்து வானத்தை, கடைசியாக வால்மீனை. மூன்றும் தேறினால் உடனே பதிவிடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

சூத்திரம் சறுக்கும் இன்னொரு இடம், வால்மீன் நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரும்போது. எதிர்வெயிலில் பறக்கும் தூசி மின்னுவது போல வால்மீனின் தூசியும் ஒளியை நம் பக்கம் சிதறடிக்கும். 2024 அக்டோபர் 9-ஐ ஒட்டி சுச்சின்ஷான்–அட்லஸ் அப்படித்தான் திடீரென்று ஜொலித்தது. அந்த நாட்களின் புள்ளிகளைச் சாய்வு கணக்கில் சேர்த்தால் கோடு கோணிக்கொள்ளும், தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்றிரவே தொடங்க

பிரகாசமான வால்மீன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உருண்டையான நட்சத்திரக் கொத்துகள் பைனாகுலரில் வால்மீன் மாதிரியே தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் சார்ல் மெசியே தன் பட்டியலைப் போட்டதே வால்மீன் என்று நினைத்து ஏமாறாமல் இருக்கத்தான். அதில் எம்3, எம்5, எம்13, எம்92 நாலையும் எடுத்து, ஒப்பீட்டு நட்சத்திரம் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, செறிவு எண், விட்டம், சிட்விக், மாரிஸ் என்று முழுவதும் செய்து பாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று வெவ்வேறு இரவுகளில், முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல். மூன்று இரவுகளின் விடைகள் எவ்வளவு சிதறுகின்றனவோ அதுதான் உங்கள் இப்போதைய பிழை அளவு. அதன்பிறகு அட்டவணையைத் திறந்து சரிபாருங்கள். அந்த நாலு கொத்துகளின் பொலிவெண்ணையும் வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை.